கையெட்டும் தூரம்

வீட்டின் நடுக்கூடமான பட்டாசலின் மூலையில், தூணுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும்படியாக எஞ்சியிருந்த இடத்தில் நின்றபடி, உலகம்மை கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள். உயர்த்திய மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இங்கிருந்து ஆகாது. உத்தரக் கட்டைகள் தெரிந்தன, மின்விசிறி தெரிந்தது, பட்டு உடுத்திய முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன, முதுகுகளின்மேல் மல்லிகைச் சரங்கள், சரங்களுக்கு அப்பால் சீர்த்தட்டுகள். அத்தனைக்கும் நடுவே வளைகாப்பு மணையில் அமர்ந்திருக்கும் தம்பி மகள் சிந்துஜா ஒரு சுண்டைக்காய் அளவில் தெரிந்தாள். இருபத்து நான்கு மில்லிமீட்டர் லென்ஸின் குணம் அது. ஊரையே உள்ளே அழைத்து உட்கார வைத்துவிடும். ஆனால் ஒருவரின் முகம் வேண்டுமென்றால் அந்த ஒருவரிடம் நாம்தான் நடந்து போக வேண்டும். கை நீட்டினால் தோளைத் தொடும் தூரம்வரை போக வேண்டும். பாளையங்கோட்டைக் கடைக்காரர் அன்றே சொல்லிப் பார்த்தார். "அம்மா, உங்க வயசுக்கு ஜூம்தான் தோது. நின்ன இடத்துல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் பக்கத்துல இழுத்துரலாம். இது பிரைம் லென்சு, முன்னப் பின்ன நகராது, நீங்கதான் நடக்கணும்." நடப்பதற்கு என்ன, கால்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று அவள் சொன்னாள். மகளிர் கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் முப்பது வருஷம் ஒளியியல் மேசைக்கு முன்னால் நின்ற கால்கள் அவை. எந்த வில்லை எந்த ஒளியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கடைக்காரர் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கேட்டதெல்லாம், ஒளியை உள்ளே விடும் துளை இதில் எவ்வளவு திறக்கும் என்பது ஒன்றுதான். ஒன்று புள்ளி நான்கு வரை திறக்கும் என்றார். போதும் என்று வாங்கிக்கொண்டாள்.

அந்தத் திறப்பை அவள் கோயில் கருவறையின் முன்னால் கற்றவள். படம் எடுக்கக் கற்றதல்ல. அங்கே கேமராவைத் தோளிலிருந்து இறக்குவதுகூட அவளுக்கு அபசாரம். ஒற்றை எண்ணெய் விளக்கின் முன்னால் போய் நின்றால் முதலில் இருட்டுத்தான் தெரியும். கண் தன்னை விரித்துக்கொள்ள விரித்துக்கொள்ளத்தான் திருமேனி மெல்ல மெல்ல எழுந்து வரும், முதலில் நெற்றிப்பட்டம், பிறகு அதன் கீழே ஒரு கருணை. விளக்கின் ஒளி கூடுவதில்லை, நம் கண்தான் விரிகிறது. இந்த லென்ஸும் அப்படித்தான், கொஞ்ச வெளிச்சம் போதும், மிச்சத்தைத் தன் விரிவால் ஈடுகட்டிக்கொள்ளும். ஆகவேதான் விடிவதற்கு முன்னால் பால்காரரின் கேனிலிருந்து பால் இறங்கும் வெண்மையை அவளால் எடுக்க முடிந்தது. அடுப்பங்கரையில் ஆவியின் பின்னால் தெரியும் தன் கையையே எடுக்க முடிந்தது. தைப்பூசத்துக்குப் படித்துறையில் ஈரச்சேலை பிழிபவளை, அவள் சிரித்துக்கொண்டே திட்டத் திட்ட, எடுக்க முடிந்தது. எல்லாம் அன்றாடம். அன்றாடத்தை விட்டால் தரிசனத்துக்கு வேறு நாள் ஏது என்பது அவள் எண்ணம். போன மாதம் சிந்துஜா அவளைப் பார்க்க வந்திருந்தபோது காபி டம்ளரை உதட்டில் வைத்த கோலத்தில் எடுத்தது இன்னமும் கேமராவிலேயே இருக்கிறது. டம்ளரின் விளிம்புக்கு மேல் இரண்டு கண்கள், குறும்பும் தூக்கமுமாக. அதை எடுக்க மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாலே போதுமாயிருந்தது. அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. இன்று தம்பி வீடு முழுக்க ஆட்கள், அவள் மூலையில்.

யாரும் அவளை மூலைக்குப் போகச் சொல்லவில்லை. அதுதான் இதிலுள்ள நாகரிகம். தம்பி மனைவி ஆவுடை வாசலிலேயே வந்து, "வாங்க மதினி, வெயில்ல வந்தியளா, மோர் தரட்டா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போகிற போக்கில் குங்குமச் சிமிழ் இருந்த தட்டை மாத்திரம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். உலகம்மையின் கணவர் சிவபதவி அடைந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷத்தில் இந்தத் தட்டு மாற்றத்தை எத்தனை வீடுகளில் பார்த்தாயிற்று. கால்கள் தாமாகவே தூணின் பக்கம் போய்விட்டன. பூ, மஞ்சள், வளையல், இவற்றுக்கும் தனக்கும் இடையே இத்தனை அடி என்று காலுக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அந்த எல்லையில் நின்றுவிடும். கோபமா என்றால் கோபம் இல்லை. இறைவனிடம் நெருங்குவதற்கு அவன் யாருடைய கழுத்தையும் பார்த்ததாக அவள் பாராயணம் செய்யும் எந்தப் பதிகத்திலும் இல்லை. வேடனும் வந்தான், பேயுருக் கொண்டவளும் வந்தாள், எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அது தெரியும். தெரிந்திருந்தும் கால் ஏன் நிற்கிறது? படமெடுக்க வேறு ஆளும் இல்லை. சிந்துஜாதான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஸ்டுடியோக்காரர் வேண்டாம், அத்தை எடுத்தாப் போதும், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் பட்டாலே கண்ணைக் குத்துது என்றாள் காலையில் போனில். ஃபிளாஷுக்கு இங்கே என்ன வேலை, என் லென்ஸ் இருக்கும்போது, என்று உலகம்மைக்குப் பெருமை பொங்கிற்று. அந்தப் பெருமையைத்தான் இப்போது தூணில் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

வேப்பிலைக் காப்பு ஏறியாயிற்று. சம்பந்தி திருமலைவடிவு, அதாவது சிந்துஜாவின் மாமியார், முதல் கண்ணாடி வளையலைக் கையில் எடுத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். "மெதுவாப் போடுங்க, உடஞ்சிரப் போவுது." "எத்தன வளையல் குலுங்குனாலும் உம் மாப்பிள்ள காதுல விழாதுட்டி, அவரு வாசல்ல போன நோண்டிக்கிட்டுல்லா நிக்காரு." "வயித்துல கிடக்க பிள்ளைக்குக் கேட்டாப் போதும் பெரியம்மை, அது அப்பனைக் கூப்பிடும்." சிரிப்பு. இது எடுக்க வேண்டிய இடம். அந்த வளையல், அந்த விரல்கள், குனிந்த முகம், மூன்றும் ஒரே சட்டத்துக்குள். அதற்கு மணைக்கு எதிரே மண்டியிட வேண்டும், வட்டத்துக்கு உள்ளே, சந்தனக் கிண்ணத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே. ஜூம் வாங்கியிருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. தூணில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பக்கத்தில் இழுத்திருக்கலாம், யாருக்கும் உறுத்தல் இல்லை, எனக்கும் பயம் இல்லை. எனக்கும் பயம் இல்லை என்று நினைத்தவுடனே தெரிந்தது, இருப்பது பயம்தான். ஆவுடைக்கு இருக்கும் அதே பயம். இரண்டு தரம் உண்டாகி இரண்டு தரமும் மூன்றாம் மாதத்திலேயே மடி வெறுமையாகிப்போன பெண் சிந்துஜா. இரண்டாம் தரம் அது நடந்ததற்கு முந்தின நாள் உலகம்மை போய்த் திருநீறு பூசிவிட்டு வந்திருந்தாள். அதைப் பற்றி ஆவுடை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதன்பின் நல்ல செய்திகள் யாவும் உலகம்மைக்கு ஒரு நாள் பிந்தியே வந்தன. ஒரு நாள் பிந்தி வரும் செய்தியில் இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்து, அதை மன்னித்து, மன்னித்ததாக நம்பி, இப்போது தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், தன் நெஞ்சுக்குள்ளும் அந்தப் பேச்சே ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது: நான் போய், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால். பதிகம் படித்த நெஞ்சுதான். ஆனாலும் ஆகிவிட்டால். திருநீறு கெடுக்குமா, ஒருநாளும் கெடுக்காது. ஆனாலும். அந்த ஆனாலுமில் வந்து எண்ணம் முள்ளில் பட்ட சேலையைப் போல மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும், விட்டால் நகரவிடாது.

"அத்தை, அங்க என்ன பண்ணுதீங்க?" என்றாள் சிந்துஜா. முதுகுகளைத் தாண்டி வந்த குரலில் உற்சாகத்தைவிடக் களைப்பு மிகுந்திருந்தது. "அவ்வளவு தூரத்துல நின்னா என் மூஞ்சி எப்படி விழும்? இங்க வாங்க." பட்டாசலில் பேச்சு கொஞ்சம் தாழ்ந்தது. ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். அது தடுக்கும் பார்வையும் இல்லை, அழைக்கும் பார்வையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் ஒரு தாயின் பார்வை. திருமலைவடிவு வளையலைப் பிடித்தபடி, "ஏன், அங்கயிருந்தே எடுக்கலாம்லா, இப்பத்தான் எல்லாம் பெரிசாக்கிக் காட்டுமே" என்றாள், யாரையும் பார்க்காமல். அந்த வாக்கியம்தான் உலகம்மையை விடுவித்தது. ஏனென்றால் அது தவறு, பௌதிகப்படி தவறு. பெரிதாக்கிக் காட்டுவது வேறு, பக்கத்தில் போவது வேறு. தூரத்திலிருந்து பெரிதாக்கிய முகத்தில் தூரமும் கூடவே பெரிதாகி நிற்கும். யாரும் கவனிக்காவிட்டாலும் படம் அதை ஒளிக்காது. இதைச் சம்பந்தியிடம் சொல்லி விளங்கவைக்க இது நேரமில்லை. "இந்த லென்சு பெரிசாக்காதுங்க, நான்தான் வரணும்" என்றாள். அவள் குரல் தனக்கே தெளிவாகக் கேட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதுகுகளுக்கு நடுவே நடந்தாள். மல்லிகை, சந்தனம், பட்டின் கசகசப்பு. ஒரு பெண் தன் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள், வழி விடுவதற்காகவும் இருக்கலாம், வேறெதற்காகவும் இருக்கலாம், அதை இப்போது ஆராய வேண்டாம். எல்லை வந்தது. அவள் கால் அறிந்த எல்லை. ஒரு கணம் கால் தயங்கிற்று. நீ அழைக்காமலா அந்தப் பெண் அழைத்தாள் என்று உள்ளே கேட்டுக்கொண்டாள், யாரை வணங்குகிறாளோ அவனிடம். கடந்துவிட்டாள்.

வட்டத்தின் விளிம்பில், ஆவுடைக்குப் பக்கத்தில் முதலில் குந்திக்கொண்டு பார்த்தாள். சட்டத்தின் நடுவில் விளக்கு, வலது ஓரத்தில் சிந்துஜா. கன்னம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தது. ஓரத்தில் வருகிறவர்களை இந்த லென்ஸ் மாவு தேய்த்ததுபோல அகலமாக்கிவிடும். ஆவுடையின் சித்தி மகள் ஒருத்தி காதுகுத்துக் கல்யாணப் படமொன்றில் ஓரமாக நின்று பூசணிக்காய்போல வந்துவிட்டு, வேணும்னே எடுத்திருக்கா என்று இன்றுவரை முகம்கொடுத்துப் பேசுவதில்லை. ஓரம்தான் காரணம் என்று உலகம்மை நகர்ந்தாள். மணைக்கு நேர் எதிரே வந்து மண்டியிட்டாள். இப்போது முகம் நட்டநடுவில். திறப்பை முழுதாக விட்டாள். பின்னணியில் பட்டும் தட்டும் மஞ்சள் மங்கலாகக் கரைந்து, விளக்கொளியில் சிந்துஜா மட்டும் மிஞ்சினாள். ஒன்று எடுத்தாள். ஆனால் கன்னம் அப்படியே இருந்தது. ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டோமோ? பக்கத்தில் போனால் மூக்கு பருக்கும், நெற்றி முன்னால் வரும்; அது தெரிந்த விஷயம். மூக்கு சரியாகத்தான் இருந்தது. இமைகள் சரியாக இல்லை. இமைகள் ஊறவைத்த பருப்புபோல உப்பி, கண்ணைப் பாதி மூடியிருந்தன. லென்ஸ் இமையை மட்டும் தேர்ந்தெடுத்து உப்ப வைக்காது. "பாத்தியளா, முகத்துல என்ன களை, ஒரே வாரத்துல பூரிச்சுட்டா" என்று யாரோ சொன்னார்கள். "எங்க வீட்டுச் சாப்பாடுல்லா" என்றாள் திருமலைவடிவு, நிறைந்த மனசோடு. மூன்றாவது வளையல் விரல் கணுக்களில் சிக்கி நின்றது. "சோப்பத் தடவித்தான் ஏத்தணும் போல." மறுபடி சிரிப்பு. வளையலை அழுத்திய இடத்தில் புறங்கையில் ஒரு குழி விழுந்தது; விழுந்த குழி நிரம்பவில்லை. பிசைந்த மாவில் விரல் வைத்தாற்போல அப்படியே இருந்தது. உலகம்மை அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூணின் பக்கத்திலிருந்து இந்தக் குழி தெரிந்திருக்காது. ஜூம் காட்டியிருக்கலாம், காட்டாமலும் இருந்திருக்கலாம். வேதியியல் துறையில் இருந்த எஸ்தர் டீச்சரின் மகளுக்கு இப்படித்தான் முகம் உப்பியதாம், மோதிரம் கழலவில்லையாம், தலைவலி என்றாளாம், களை என்றார்களாம், எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வந்து, பிறகு எஸ்தர் டீச்சர் நெடுநாள் வேலைக்கு வரவில்லை. வெளிச்சம் பட்டாலே கண்ணைக் குத்துது. ஐயோ, அதை நான் என் லென்ஸுக்குக் கிடைத்த மரியாதை என்றல்லவா எடுத்துக்கொண்டேன்.

"சிந்து, தலை வலிக்கா?" என்றாள் மெல்ல. "நேத்துலருந்து, அத்தை. இப்பப் பிளக்கு. கண்ணு முன்னால பூச்சி பறக்கு. தூங்கலைல்லா, அதான்." உலகம்மை கேமராவை இறக்கினாள். இனி செய்ய வேண்டியது எது என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. ஐயம் இல்லாத அந்த இடத்துக்கும் வாய் திறப்பதற்கும் நடுவேதான் பட்டாசல் முழுதும் நின்றது. வளைகாப்பை நடுவில் நிறுத்தச் சொல்வது. அதையும் இவள் சொல்வது. ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் இனி மோர்கூட இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் இவள் வந்து மண்டியிட்டதால்தான் ஆயிற்று. இரண்டு பக்கமும் அவளுக்கே நஷ்டம். நல்லது, அப்படியானால் கணக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. "ஆவுடை, இங்க வா" என்றாள். திரையில் போன மாதத்துக் காபிப் படத்தை எடுத்து முதலில் காட்டினாள். சற்றுமுன் எடுத்ததை அடுத்துக் காட்டினாள். "ரெண்டும் ஒரே லென்சு, ஒரே தூரம். இது நீளாது, குறுகாது. அன்னைக்கு எவ்வளவு காட்டுச்சோ இன்னைக்கும் அவ்வளவுதான் காட்டும். மாறினது இவ மூஞ்சி மட்டும்தான். பாரு. களையா இது?" ஆவுடை ஒரு படத்தைப் பார்த்தாள், மறு படத்தைப் பார்த்தாள், பிறகு மணையிலிருந்த மகளைப் பார்த்தாள், பெற்ற கண் இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல. "சங்கரலிங்கம்," என்று உலகம்மை தம்பியைக் கூப்பிட்டாள், வகுப்பறையின் கடைசி மேசைவரை எட்டும் பழைய குரலில், "உன் பிரஷர் மிஷினை எடுத்துட்டு உள்ள வா."

"இது என்ன பேச்சு," என்றாள் திருமலைவடிவு, "ஆரத்தி எடுக்காம மணையை விட்டு எழுப்பக் கூடாது. நல்ல காரியத்துல வந்து..." மேலே சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது எது என்று எல்லாருக்கும் தெரியும். உலகம்மை, "எழுப்பலைங்க. உக்காந்தபடியே பாப்போம்" என்றாள். பட்டை புஜத்தில் இறுகிற்று. வேப்பிலைக் காப்பு அசைந்தது. இயந்திரம் முனகி முனகி ஓய்ந்தது. தம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நூற்று எழுபது. கீழே நூற்றுப் பத்து. தினமும் தன் கையில் கட்டிப் பார்ப்பவர், அந்த எண்ணின் பொருளை யாரும் அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. "மாப்பிள்ளைட்ட காரை எடுக்கச் சொல்லு," என்றார் ஆவுடையிடம், பட்டையை அவிழ்த்தபடி. திருமலைவடிவு கையில் மிச்சமிருந்த வளையல்களைத் தட்டில் வைத்துவிட்டு, மருமகளின் மறு கையைத் தானே பற்றித் தூக்கிவிட்டாள். "எனக்குத் தெரியலையே, நான் பூரிப்புன்னுல்லா நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதில் பொய் இல்லை. பூரிப்பு என்று நினைக்க ஆசைப்பட்ட மனசுதானே எல்லாருக்கும்.

சிந்துஜாவை இரண்டு பேராகத் தாங்கி நடைக்குக் கொண்டு வந்தார்கள். வாசலில் வெயில் வெள்ளையாக எரிந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உலகம்மை தன் தலைப்பை அவள் முகத்துக்குக் குடையாகப் பிடித்தபடி பக்கத்தில் வந்து, நடையின் குறுகலில், பழக்கத்தினால், சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி புறப்படும்போது எதிரே வரக் கூடாது, முன்னே போகவும் கூடாது. கால் மறுபடியும் தன் கணக்கைச் சொல்லிற்று. உள்ளேயிருந்து ஒரு குரல், "யாராவது ஒரு சுமங்கலி நிறைகுடத்தோட எதுத்தாப்புல வாங்களேன்" என்றது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குடம் தேட ஒருத்தி உள்ளே திரும்பினாள். கார் உறுமிக்கொண்டு நின்றது. மகளைத் தாங்கியிருந்த ஆவுடை குடத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவள் முகம் வியர்த்திருந்தது, பொட்டு கலைந்திருந்தது. "குடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்," என்றாள், கூட்டத்தைப் பார்த்து அல்ல, சுவரோரம் பார்த்து. "மதினி, ஏன் அங்க ஒதுங்குதீங்க? நீங்க முன்னால நடங்க. நாங்க உங்க பின்னால வாரோம்." உலகம்மை அவளை ஒருமுறை பார்த்தாள். படியில் இறங்கினாள். தெரு முழுதும் வெளிச்சமாக இருந்தது. எதிரே யாரும் வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் காரை நோக்கி நேராக நடந்தாள், பின்னால் கண்ணாடி வளையல்களின் ஓசை ஒவ்வொரு அடிக்கும் அவளைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.